சாமுவேல்: ஒரு தாய் இட்ட பெயர்

இந்த வாரத் தியானத்தை ஒரு பெயரிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அந்தப் பெயரை எனக்குப் புதிதாக நினைப்பூட்டியவன் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வாலிபன்.

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து யாவரும் போனபின்பு, அவன் என் அறையின் வாசலில் நின்றான். இரு சக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். அவனுடைய தாயார் சென்ற ஆண்டில்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பல ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்து, பொருத்தனை பண்ணி, ஜெபித்துப் பெற்ற ஒரே மகன் அவன். ஆகையால் அவனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டார்கள். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நானே.

"ஐயா, கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றவன் என்பதுதான் என் பெயருக்கு அர்த்தம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு, அந்த வார்த்தைக்கு அப்படி அர்த்தமே இல்லை என்று கைபேசியில் படித்தேன். அம்மா சொன்னது பொய்யா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ குழந்தைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "கேட்டுப் பெற்றவன்" என்றே பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் இறையியல் கல்லூரியில், எபிரேய மொழி வகுப்பின் முதல் ஆண்டிலேயே, அந்தப் பெயரின் இலக்கணம் வேறு என்பதை நான் கற்றிருந்தேன். பிரசங்க பீடத்தில் ஏறும்போது வகுப்பறையைக் கீழே விட்டுவிட்டு ஏறுவது போதகர்களாகிய எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த வாலிபன் கேட்ட கேள்வி என் பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவைத்தது.

எபிரேயத்தில் அந்தப் பெயர் "ஷெமூஏல்" என்று ஒலிக்கும். "ஷெம்" என்றால் பெயர், நாமம். "ஏல்" என்றால் தேவன். நடுவில் நிற்கிற ஊகாரந்தான் சிக்கலானது. பழைய செமித்திய மொழிகளில் எழுவாயைக் காட்ட ஓர் உகர உருபு இருந்தது. எபிரேயத்தின் பேச்சு வழக்கில் அது தேய்ந்து மறைந்துவிட்டது. ஆனாலும் பழைய பெயர்கள் சிலவற்றில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. யாக்கோபு இரவு முழுவதும் போராடிய இடத்திற்கு ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தின் 30ஆம் வசனம் பெனியேல் என்று பெயர் சொல்லுகிறது. அடுத்த வசனமோ பெனூவேல் என்கிறது. இரண்டும் ஒரே இடந்தான், இரண்டுக்கும் தேவனுடைய முகம் என்பதே பொருள். உகரம் பழைய வடிவம். சாமுவேலில் இருப்பதும் அதே உகரம் என்று கொண்டால், "தேவனுடைய நாமம்" என்று பொருள் வரும். அந்த ஊகாரத்தை "அவருடைய" என்று எடுத்துக்கொண்டு "அவருடைய நாமம் தேவன்" என்று பொருள் சொல்லுகிறவர்களும் உண்டு.

இவ்வகைப் பெயர் சாமுவேலின் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று. பாபிலோனின் முதல் அரச வமிசத்தில் ஆண்ட அரசர்களுள் சுமு-அபும், சுமு-லா-ஏல் என்ற பெயர்கள் காணப்படுகின்றன. அவர்கள் எமோரியர். காலம் கி.மு. 19ஆம் நூற்றாண்டு. சட்டத்தொகுப்பினால் பெயர்பெற்ற ஹமுராபிக்குச் சுமு-லா-ஏல் முன்னோன். அந்தப் பெயர்களில் வருகிற "சுமு"வும் நம்முடைய "ஷெமூ"வும் ஒரே வேரைச் சேர்ந்தவை. அன்னாள் தன் மகனைப் பெற்றது கி.மு. 11ஆம் நூற்றாண்டில். அப்படியானால் அவள் தெரிந்துகொண்டது, எண்ணூறு ஆண்டுகளாக அந்தத் தேசங்களில் புழங்கிவந்த ஒரு பெயர் வார்ப்பு.

இதைப் படித்தால் அந்த வாலிபன் படித்ததே சரி என்று உங்களுக்குத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

"தேவன் கேட்டருளினார்" என்று சிலர் இந்தப் பெயருக்குப் பொருள் சொல்லுகிறார்கள். பெயர்களின் அர்த்தங்களைத் தொகுத்து விற்கும் சிறு புத்தகங்களில் இதுவே அதிகமாக அச்சிடப்படுகிறது. இதை ஏற்பது கடினம். கேட்டல் என்ற பொருளில் வருகிற எபிரேய வினையில் தொண்டையின் அடியிலிருந்து எழும் "ஆயின்" என்ற ஒரு மெய்யெழுத்து உண்டு. சாமுவேலின் பெயரில் அது இல்லை. அந்த எழுத்தோடு கூடிய பெயர் வேறொரு பிள்ளைக்கு உரியது. வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் இருந்த ஆகார் என்னும் அடிமைப்பெண்ணின் மகனாகிய இஸ்மவேலே அந்தப் பிள்ளை. தேவன் கேட்டருளினார் என்ற பெயரை வேதாகமம் அவனுக்கே கொடுத்திருக்கிறது (ஆதி. 16:11). அதை எடுத்து வேறொருவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி அன்னாள் சொன்ன காரணத்திற்கு வருவோம். கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன் என்ற கருத்தில் அவள் பேசுகிறாள் (1 சாமு. 1:20). அவள் பயன்படுத்திய வினையின் வேர் மூன்று மெய்யெழுத்துக்களால் ஆனது: ஷீன், ஆலெப், லாமெத். "ஷாஅல்" என்று ஒலிக்கும். கேள், வேண்டு, யாசி என்பது அதன் பொருள். இப்போது மகனின் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிப் பாருங்கள்: ஷீன், மேம், வாவ், ஆலெப், லாமெத். அவள் கேட்ட வார்த்தையின் மூன்று எழுத்துக்களும் வரிசை குலையாமல் அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. முதல் எழுத்து அவளுடையது, கடைசி இரண்டு எழுத்துக்களும் அவளுடையவை. அகராதி எழுதுகிறவர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் பழைய ஏற்பாட்டில் பெயரிடுகிற எவரும் அகராதியைப் பார்த்துப் பெயரிடுவதில்லை. காதினால் கேட்டுப் பெயரிடுகிறார்கள். பார்வோனின் குமாரத்தி மோசேக்குச் சொன்ன காரணமும் இப்படிப்பட்டதே. தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்று எபிரேய ஒலியைக்கொண்டு காரணம் சொல்லப்படுகிறது. எகிப்திய மொழியில் அந்த ஒலிக்குப் பிள்ளை என்று பொருள். ஒரு பெயருக்கு இலக்கணப் பொருள் ஒன்று இருக்கலாம், அதை இட்டவரின் வாயில் பிறந்த பொருள் வேறொன்று இருக்கலாம்.

இன்னும் ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. எபிரேயரிடத்தில் "பெயர்" என்பது அழைக்கும் சொல் மாத்திரமன்று, சந்ததியும் அதுவே. பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனுடைய பேர் அற்றுப்போகாதபடி செய்யவேண்டும் என்று உபாகமம் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தன் பேரை நினைக்கப்பண்ண மகன் இல்லை என்பதனால் அப்சலோம் தனக்கென்று ஒரு தூணை நிறுத்திக்கொண்டான் (2 சாமு. 18:18). பெனின்னாளின் பிள்ளைகள் நிறைந்த வீட்டில், ஆண்டுதோறும் பலிவிருந்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு அழுதிருந்த பெண் அன்னாள். அவள் தன் மகனின் பெயரை "ஷெம்" என்ற சொல்லோடு தொடங்கினாள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைத் தேவனுடையது என்று சொல்லி அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தமிழில் இந்தப் பெயர் எடுத்துக்கொண்ட உருவமும் அழகானது. கிரேக்கத்தில் "ஷ" ஒலி இல்லாததனால், பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதை "சமூஏல்" என்று எழுதினார்கள். அங்கிருந்து லத்தீனுக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் போய், அந்த வழியாக மிஷனரிமாரோடு நம்மிடம் வந்தது. வந்தவுடன் தமிழ் அதற்குத் தன் இலக்கணத்தைப் போர்த்திவிட்டது. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்கத் தமிழ் பொறுக்காது. நடுவில் ஓர் உடம்படுமெய்யை நிறுத்தும். உகரத்திற்குப் பின் வகரம் வரும்; ஆகவே சாமு, ஏல் இரண்டும் சேர்ந்து சாமுவேல். இகரத்திற்குப் பின் யகரம் வரும். ஆகவே தானியேல், காபிரியேல். இம்மானுவேலும் இஸ்ரவேலும் யோவேலும் இவ்விதமே. என் சிறுவயதில், இந்தப் பெயர்களில் எல்லாம் முருகனுடைய வேல் இருக்கிறதே என்று என் பள்ளித் தோழன் ஒருவன் கேலி செய்வான். எனக்குப் பதில் தெரியவில்லை. நன்னூல் படித்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது இந்த ஆகமத்தின் நடுவிற்குள் போவோம். அன்னாள் பிள்ளையைப் பால்மறக்கப்பண்ணி, சீலோவுக்குக் கொண்டுவந்து, ஏலியின் முன்பாக நிறுத்தி ஒரு வாக்கியம் சொல்லுகிறாள் (1:27, 28). அதில் கேட்டல் என்ற வேர் நான்கு முறை ஒலிக்கிறது. எபிரேயத்தில் அதே வேரைச் சற்றுத் திருப்பினால் "கேட்டவருக்குக் கொடுத்தல்", அதாவது இரவல் கொடுத்தல் என்று பொருள்படும். கேட்டதை அவர் எனக்குத் தந்தார், நானும் அவனை அவருக்குக் கேட்டபடி கொடுக்கிறேன் என்பது அவளுடைய சொல்லாடல். அந்த வாக்கியத்தின் இறுதியில் "அவன் கர்த்தருக்கு ஷாஊல்" என்கிறாள். ஷாஊல் என்பது என்ன? நம் தமிழ் வேதாகமத்தில் சவுல் என்று படிக்கிறோமே, அந்த முதல் ராஜாவின் பெயரே அது. கேட்கப்பட்டவன் என்று நேராகப் பொருள்படுகிற பெயர் சவுலுடையது.

இதைக் கண்ட வேத அறிஞர் சிலர், இந்தப் பிறப்புக் கதை முதலில் சவுலைப்பற்றியதாக இருந்து பின்னாளில் சாமுவேலுக்கு மாற்றப்பட்டிருக்கும் என்று எழுதினார்கள். கல்லூரியில் இந்தக் கருத்தைக் கேட்டபோது நான் கலங்கினேன். இன்று கலங்கவில்லை, ஏற்கவும் இல்லை. எழுதியவர் கைதவறி விட்டுவிட்ட தடயம் என்று எண்ணமுடியாதபடி, இந்தச் சொல் இந்த ஆகமத்தில் மறுபடியும் மறுபடியும் வருகிறது. 8ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் ஒரு ராஜாவைக் கேட்கிறார்கள். 10ஆம் வசனம் அவர்களைக் கேட்டவர்கள் என்றே அழைக்கிறது. 12ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில் சாமுவேலே, இதோ நீங்கள் தெரிந்துகொண்டவனும் கேட்டவனுமான ராஜா என்று சவுலைச் சுட்டிக்காட்டுகிறான். எபிரேயத்தில் கேட்பவர் காதில் பெயரும் வினையும் ஒன்றாக ஒலிக்கும். ஒரு தாயும் கேட்டாள். ஒரு தேசமும் கேட்டது. தாய் கேட்டதைப் பெற்று, கையைத் திறந்து கொடுத்துவிட்டாள். மற்ற ஜாதிகளைப்போல எங்களுக்கும் வேண்டும் என்று கேட்ட ஜனங்கள், பெற்றதைத் தங்களுக்கென்றே வைத்துக்கொண்டார்கள். இவ்விரண்டு கேட்டல்களையும் ஒரே சொல்லால் அருகருகே வைத்தவர், தான் என்ன செய்கிறார் என்பதை அறிந்தே செய்திருக்கிறார் என்பது என் துணிபு.

பெயர்களைப்பற்றி இந்த ஆகமம் இன்னும் சிலவற்றைச் சொல்லுகிறது. ஏலியின் குமாரருள் ஒருவன் பினெகாஸ். அது எபிரேயப் பெயரே அன்று. நூபிய தேசத்தான், கருநிறத்தான் என்ற கருத்துடைய எகிப்தியப் பெயர். ஆசாரியக் குடும்பத்தில் பிற தேசத்துப் பெயர் இருந்ததைப்பற்றி வேதாகமம் ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் பலியிறைச்சியைப் பறித்ததைப்பற்றியே சொல்லுகிறது. அவனுடைய மனைவி, உடன்படிக்கைப் பெட்டி பிடிபட்ட செய்தியைக் கேட்டு, பிரசவித்து, சாகும் தருவாயில் தன் மகனுக்கு இக்கபோத் என்று பெயரிட்டாள். மகிமை எங்கே என்பது அதன் பொருள். அன்னாள் தன் மகனைக் கொண்டுவந்து விட்ட அதே சீலோவில், இன்னொரு தாய் இட்ட பெயர் இது. அந்தப் பிள்ளையை வளர்த்தவர் யார், அவன் என்ன ஆனான் என்பதை வேதாகமம் சொல்லவில்லை. சபைகளில் எவரும் அந்தப் பெயரை இடுவதும் இல்லை. நான் அவனைப்பற்றி அடிக்கடி நினைப்பதுண்டு.

சாமுவேல் தன் குமாரருக்கு இட்ட பெயர்கள் யோவேல், அபியா. யேகோவாவே தேவன் என்பது முதலாவது. யேகோவா என் தகப்பன் என்பது இரண்டாவது. இவற்றிலும் உயர்ந்த பெயர்களை எந்தத் தீர்க்கதரிசியால் இடமுடியும்? அவர்களோ பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து, பரிதானம் வாங்கி, நியாயத்தைப் புரட்டினார்கள் (8:3). நல்ல பெயரை இட்டுவிட்டால் பிள்ளை அந்தப் பெயரின்படி நடந்துவிடுவான் என்று எண்ணுகிற பெற்றோர் இந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கவேண்டும். எண்கணிதம் பார்த்துப் பெயரின் எழுத்தைக் கூட்டிக் குறைக்கிற வழக்கம் நம் சபைகளுக்குள்ளும் நுழைந்திருப்பதை நான் அறிவேன். அதைப்பற்றி வேறொரு வாரம் எழுதுவேன்.

சீலோ இருந்த மேட்டை இன்றும் காணலாம். எருசலேமுக்கு வடக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. 1920களில் டென்மார்க் தேசத்தார் அங்கே அகழ்ந்தார்கள். 1981 முதல் 1984 வரை இஸ்ரயேல் ஃபிங்கெல்ஸ்டைன் தலைமையில் மீண்டும் அகழ்வு நடந்தது. பெரும் தாழிகள் அடுக்கப்பட்ட அறைகள், கடும் தீயில் எரிந்து விழுந்த நிலையில் வெளிப்பட்டன. கி.மு. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த அழிவு நேர்ந்தது என்று கணித்தார்கள். எரேமியா தன் காலத்து ஜனங்களை நோக்கி, சீலோவுக்குப் போய் அங்கே நடந்ததைப் பாருங்கள் என்று சொன்னது (எரே. 7:12) வெறும் பேச்சன்று. சாமுவேல் படுத்திருந்து தன் பெயர் அழைக்கப்படக் கேட்ட இடம் அது.

பிற்காலத்தில் இந்தப் பெயர் எங்கெங்கோ சென்றது. எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை. என் மனதைத் தொட்ட ஒருவனைமட்டும் சொல்லுகிறேன். பத்தாம் நூற்றாண்டில் பல்கேரிய தேசத்தில் ஒரு பிரபு தன் நான்கு குமாரருக்கும் தாவீது, மோசே, ஆரோன், சாமுவேல் என்று பெயரிட்டான். அவர்களுள் சாமுவேல் ராஜாவானான். ராஜா வேண்டாம் என்று ஜனங்களோடு வழக்காடிய தீர்க்கதரிசியின் பெயர், ஒரு ராஜாவின் பெயராயிற்று! 1014ஆம் ஆண்டில் பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் பசில் கிளெய்தியோன் என்ற கணவாயில் அவனுடைய சேனையை முறியடித்து, சிறைப்பிடித்த ஆயிரக்கணக்கான வீரரின் கண்களைப் பிடுங்கி, நூறு பேருக்கு ஒருவனை ஒற்றைக்கண்ணோடு விட்டு வழிகாட்டச் செய்து, அவர்களை அவனிடத்திற்குத் திருப்பி அனுப்பினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வந்து நின்ற காட்சியைக் கண்டு சாமுவேல் விழுந்து, சில நாளில் மரித்தான். ராஜா உங்கள் குமாரரை எடுத்துக்கொள்வான் என்ற தீர்க்கதரிசியின் எச்சரிப்பை (8:11) இனி அந்த வீரரை நினைக்காமல் என்னால் படிக்கமுடியாது.

நம் பக்கத்திலும் இந்தப் பெயரின் தடம் ஆழமானது. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தங்கி, தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழிலேயே நூல்களாக வெளியிட்டார். தமிழின் முதல் நாவலை 1879இல் அச்சேற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் ஒரு சாமுவேலே. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874இல் ஒரு போதகரின் வீட்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நீங்கள் அறிவீர்கள். அன்னாளைப்போல அவருடைய தாயார் ஜெபித்துப் பெற்ற மகன் என்பது அவருடைய வாழ்க்கைச் சரித்திரத்தில் சொல்லப்படும் செய்தி. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கல்கத்தாவில் அபிஷேகம்பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தோர்ணக்கல் பேராயத்திற்குப் போனார். தாய் கொடுத்த பெயரும் வாழ்ந்த வாழ்க்கையும் அவரிடத்தில் ஒன்றுபட்டன.

எல்லாரிடத்திலும் அவை ஒன்றுபடுவதில்லை. அந்த வாலிபனின் உண்மையான பாரம் அதுவே என்பது, அவன் இரண்டாம் முறை வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பெயரின் பொருளைப்பற்றி மேலே எழுதியவற்றை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டினேன். ஷீன், ஆலெப், லாமெத் மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். கவனமாகப் பார்த்தான். "அப்போ அம்மா சொன்னது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது" என்றான். பிறகு நெடுநேரம் பேசாமலிருந்து, "ஐயா, அம்மா என்னை ஊழியத்திற்குக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணியிருந்தார்கள். நான் போகவில்லை. அந்தப் பொருத்தனையை நான் முறித்துவிட்டேனா?" என்று கேட்டான்.

வாசகரே, இப்படிப்பட்ட கேள்வியைச் சுமந்துகொண்டு நம் ஆலயங்களில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அநேகர். எனவே நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அன்னாளின் பொருத்தனை கடுமையானது. சவக்கடலோரம் கும்ரானில் 1952இல் நான்காம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளில், அவன் ஜீவிக்கும் நாளெல்லாம் நசரேயனாயிருக்கும்படி கொடுப்பேன் என்ற கருத்துள்ள ஒரு தொடர் நம்முடைய வசனத்திலும் அதிகமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொருத்தனையில் அவளால் நிறைவேற்றக்கூடியது ஒன்றே ஒன்று: பிள்ளையைக் கொண்டுவந்து கர்த்தருடைய சமுகத்தில் விடுவது. அதை அவள் செய்தாள். அதற்குப்பின் ஆண்டுகள் பல கழிந்தும், சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்று 3ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனம் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லுகிறது. பெட்டியின் அருகில் படுத்திருக்கிறான், சணல்நூல் ஏபோத்து தரித்திருக்கிறான், தாயின் பொருத்தனைப்படியே வளர்ந்திருக்கிறான், அறியவில்லை. பிறகு கர்த்தர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தாய் இட்ட பெயரைத்தான் அவர் சொல்லுகிறார், ஆனால் அழைக்கிறவர் தாய் அல்ல. அவன் மூன்று முறை தவறாக ஏலியினிடத்திற்கு ஓடுகிறான், ஏலியும் மூன்றாம் முறைதான் உணருகிறான். எனக்கு இது பெரிய ஆறுதல். அழைப்பு என்பது கொடுத்தவளுக்கும் வளர்த்தவனுக்கும் அப்பாற்பட்ட காரியமாக நடந்தது.

"உன் தாயார் உன்னை ஆலயத்திற்குக் கொண்டுவந்தார்கள் தம்பி. நானே உன்னைக் கையில் வாங்கினேன். அவர்கள் செய்யவேண்டியது அன்றே செய்து முடிந்தது" என்றேன். பட்டறையில் கை கறுக்க உழைப்பதை ஊழியத்திற்குக் குறைவானது என்று எண்ணாதே என்றும் சொல்ல நினைத்தேன். அது பிரசங்கம்போல் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக வேறொன்றைக் காட்டினேன். அன்னாள் ஒவ்வொரு ஆண்டும் பலியிட வரும்போது, மகனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவருவாள் (2:19). வளர்ந்திருப்பானே என்று கணக்கிட்டு, பார்க்காமலே அளவெடுத்துத் தைத்திருப்பாள். அந்த ஆடைக்கு எபிரேயத்தில் "மெயீல்" என்று பெயர். சாமுவேல் முதியவனானபின், சவுல் அவன் உடையின் தொங்கலைப் பிடித்திழுக்க, அது கிழிகிறது (15:27), அதுவும் மெயீல். சாமுவேல் இறந்து அடக்கம்பண்ணப்பட்டபின், எந்தோர் ஊர் ஸ்திரீ எழும்பிவருகிறவனை ஒரு மெயீல் போர்த்த முதிர்ந்தவன் என்று சொன்ன மாத்திரத்தில், அவன் சாமுவேல் என்று சவுல் அறிந்துகொள்கிறான் (28:14). நம் தமிழ் வேதாகமத்தில் முதலிடத்தில் சட்டை என்றும் பின்னிரண்டு இடங்களிலும் சால்வை என்றும் இருப்பதனால், இது நம் கண்ணுக்குத் தப்பிப்போகிறது.

அந்த வாலிபன் மூன்று இடங்களையும் தானே எடுத்து வாசித்தான். பிறகு நான் எழுதிய காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பட்டறைக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனான்.